வர்ஜீனியாவின் ‘ஸ்வாம்’ சான்றிதழ் நமக்கும் உரியதா?

வடக்கு வர்ஜீனியாவில் கணவரோடு சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்களிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மாநில அரசு டெண்டர் ஒன்றைப் பற்றி விசாரித்தபோது, ஸ்வாம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். சிறுபான்மையினருக்கான சலுகை என்கிறார்கள். சட்டப்படி நமக்கு அதில் உரிமை உண்டா? உண்டு என்றாலும், கறுப்பின மக்கள் போராடி வாங்கியதில் நாம் போய்ப் பங்கு கேட்பது சரியா? மனசுக்கு உறுத்தலாக இருக்கிறது.”

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தோன்றியதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் இருக்கிறேன். சிறு நிறுவனங்களுக்கு டெண்டர் ஆவணங்கள் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. இந்தச் சான்றிதழ் வாங்க வருகிற நம்மவர்களில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

சரி, சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். ஸ்வாம் என்பது மூன்று பிரிவுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர்: சிறு நிறுவனம், பெண்கள் உரிமையாளராக உள்ள நிறுவனம், சிறுபான்மையினர் உரிமையாளராக உள்ள நிறுவனம். வர்ஜீனியாவின் சட்டத் தொகுப்பு சிறுபான்மையினர் யார் யார் என்று விளக்கும் இடத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கர், ஆசிய அமெரிக்கர், ஹிஸ்பானிக், அமெரிக்கப் பூர்வகுடியினர் என்று சொல்கிறது. ஆசிய அமெரிக்கர் என்ற வரியில் நாடுகளின் பெயர்களையும் அடுக்கியிருக்கிறார்கள். அதில் இந்தியாவும் இருக்கிறது, இலங்கையும் இருக்கிறது. எனவே தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாகவோ சட்டபூர்வமாகக் குடியிருக்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். நிறுவனத்தில் குறைந்தது 51 சதவீதம் அவருடையதாக இருக்க வேண்டும். அன்றாட முடிவுகளும் அவர் கையில் இருக்க வேண்டும். 51 சதவீதம் உங்கள் பெயரில் இருந்து, நீங்களே நிறுவனத்தை நடத்துகிறீர்கள் என்றால் பெண் உரிமையாளர் பிரிவிலும் நீங்கள் வருவீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்ல வேண்டும். சான்றிதழுக்காக மனைவியைப் பெயருக்கு முதலாளி ஆக்கிவிட்டு, கணவரே எல்லாவற்றையும் நடத்துவது மோசடி. “எல்லாரும் செய்வதுதானே” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் செய்பவர்கள்தான் இந்தத் திட்டங்களை எதிர்ப்பவர்கள் கைக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

சான்றிதழ் கொடுப்பது, சிறு தொழில்களையும் அரசுக்குப் பொருள் வழங்குவோரின் பன்மையையும் கவனிக்கும் மாநிலத் துறை. 2014இல் இரண்டு பழைய துறைகளை இணைத்து அதை உருவாக்கினார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. வாங்கித் தருகிறோம், இவ்வளவு கொடுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

இந்தச் சான்றிதழால் கையில் என்ன கிடைக்கிறது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தியர் என்பதற்காகவோ கறுப்பினத்தவர் என்பதற்காகவோ மாநில அரசு ஒரு வேலையை ஒதுக்கி வைப்பதில்லை. நிறுவனத்தின் அளவைப் பார்த்துத்தான் ஒதுக்கீடு. 250 பேருக்கு மேல் வேலை செய்யாத நிறுவனம், அல்லது மூன்றாண்டுச் சராசரியில் ஆண்டு வருமானம் ஒரு கோடி டாலரைத் தாண்டாத நிறுவனம், சிறு நிறுவனம். 25 பேருக்கு மேல் போகாமலும், மூன்றாண்டுச் சராசரியில் 30 லட்சம் டாலருக்கு மேல் போகாமலும் இருந்தால் குறுநிறுவனம். உங்கள் ஆறு பேர் நிறுவனம் பெரும்பாலும் இரண்டாவதில் வரும். 2019இல் ஆளுநர் ரால்ஃப் நார்தம் போட்ட ஆணை, 10,000 டாலர் வரையிலான கொள்முதலைக் குறுநிறுவனங்களுக்கும் 1,00,000 டாலர் வரையிலானதைச் சிறு நிறுவனங்களுக்கும் ஒதுக்கியது. யாரிடம் வாங்குவது என்று மாநிலம் தானே முடிவு செய்யக்கூடிய செலவில் 42 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களிடம் செலவிட வேண்டும் என்ற இலக்கும் அதில் இருந்தது. இவை ஆளுநரின் ஆணைகள், ஆட்சி மாறினால் மாறலாம். விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுபான்மையினர் திட்டம் என்று பெயர், ஒதுக்குவதோ அளவைப் பார்த்து. ஏன் இப்படி? இதற்கு விடை சொல்லத்தான் உங்களை ரிச்மண்டின் ஜாக்சன் வார்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. உங்கள் உறுத்தலுக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைநகரமாக இருந்த ஊர் ரிச்மண்ட். போர் முடிந்து விடுதலை பெற்ற மக்கள் நகரின் வடக்குப் பகுதியில் குடியேறி எழுப்பிய பேட்டைதான் ஜாக்சன் வார்டு. வெள்ளையர் வங்கிகள் அவர்களுக்குக் கடன் தராது. தாங்களே வங்கி தொடங்கினார்கள். அமெரிக்காவிலேயே கறுப்பினத்தவர் உரிம ஆணை பெற்ற முதல் வங்கி 1888இல் இங்கேதான் பதிவானது. அது 1910இல் நொடித்துப்போனது. ஆனால் அதற்குள் இன்னொரு வங்கி எழுந்து நின்றுவிட்டது.

அந்த வங்கியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை. மேகி லீனா வாக்கர் 1864இல் பிறந்தவர். அவருடைய தாய் முன்பு அடிமையாக இருந்தவர், பிறகு ஊராருக்குத் துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். சிறுமி மேகி வெளுத்த துணிக் கூடைகளை வீடு வீடாகச் சுமந்து கொடுத்தார். நோய்க்கும் சாவுச் செலவுக்கும் உறுப்பினர்களிடம் சிறு தொகை திரட்டும் புனித லூக்கா சங்கம் என்ற கறுப்பின மக்களின் சங்கத்தில் சிறுவயதிலேயே சேர்ந்தார். 1899இல் அதன் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது சங்கத்தின் கஜானாவில் 32 டாலர்கூட இல்லை, கடன்தான் இருந்தது. 1902இல் ஒரு செய்தித்தாள் தொடங்கினார். 1903இல் ‘செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி’யைத் திறந்தார். அமெரிக்காவில் வங்கிக்கு உரிம ஆணை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

பென்னி என்றால் ஒரு டாலரில் நூற்றில் ஒரு பங்கு. வங்கியின் பெயரிலேயே அதை வைத்தார் என்பதைக் கவனியுங்கள். துணி வெளுப்பவர்கள், சமையல்காரர்கள், புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆகியோரின் சிறுவாட்டுக் காசுதான் அந்த வங்கியின் மூலதனம். குழந்தைகளுக்கு அட்டை உண்டியல் கொடுத்தார்கள். நூறு பென்னி சேர்ந்தால் பிள்ளையின் பெயரில் கணக்கு. அந்தக் காசிலிருந்து கொடுத்த கடனில் 1920க்குள் சுமார் 600 குடும்பங்களுக்குச் சொந்த வீடு அமைந்தது. 1930இல் அது வேறு கறுப்பின வங்கிகளோடு இணைந்து, பெரும் பொருளாதார வீழ்ச்சியில் ஆயிரக்கணக்கான வங்கிகள் விழுந்தபோதும் நிலைத்து நின்றது. அவர் வாழ்ந்த வீடு இன்று தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது.

இதெல்லாம் நடந்த அதே ஆண்டுகளில் மாநிலத்தின் சட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 1902இன் வர்ஜீனிய அரசமைப்புச் சட்டம் வாக்களிக்க ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி விதித்தது. மூன்றாண்டு வரியைத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டியிருக்க வேண்டும். கூலி வேலை செய்கிறவரால் முடியுமா? கறுப்பின வாக்காளர்கள் பட்டியலிலிருந்து ஒரேயடியாகக் காணாமல் போனார்கள், ஏழை வெள்ளையர்களும் கூடவே போனார்கள். 1904இல் டிராம் வண்டிகளில் இனம் பிரித்து உட்காரவைக்கும் விதி வந்தபோது, வாக்கரும் ‘ரிச்மண்ட் பிளானட்’ இதழின் ஆசிரியர் ஜான் மிட்செலும் ஊரையே நடக்கவைத்தார்கள். தலைவரி 1966இல்தான் உச்ச நீதிமன்றத்தில் ஒழிந்தது. அந்த வழக்கும் வர்ஜீனியாவின் கறுப்பினப் பெண்கள் தொடுத்ததுதான்.

அப்புறம் நெடுஞ்சாலை. 1950களில் விரைவுச் சாலை ஒன்றை நகரத்தின் ஊடாக இழுக்கத் திட்டமிட்டார்கள். நகர வாக்காளர்கள் அதை இரண்டு முறை நிராகரித்தார்கள். மாநிலப் பேரவை 1954இல் ஒரு தனி ஆணையத்தைச் சட்டத்தால் உருவாக்கி, வாக்காளர்களைக் கேட்கவே தேவையில்லாமல் செய்துவிட்டது. 1958இல் சாலை திறந்தது. ஜாக்சன் வார்டு இரண்டாகப் பிளந்தது, ஆயிரம் வீடுகள் வரை இடிபட்டன. பென்னி பென்னியாகச் சேர்த்து வாங்கிய வீடுகளும் அவற்றில் உண்டு. சிக்ஸ்த் மவுண்ட் சயன் என்ற தேவாலயத்தை மட்டும் சபையார் போராடிக் காப்பாற்றினார்கள், சாலை அதை ஒட்டி வளைந்து போகிறது. நீங்கள் வடக்கிலிருந்து ரிச்மண்டுக்கு 95ஆம் நெடுஞ்சாலையில் வரும்போது அந்த வளைவின் வழியாகத்தான் வருவீர்கள்.

அதற்குப் பிறகும் ஒரு தந்திரம். 1970 தொடக்கத்தில், கறுப்பினத்தவர் பாதிக்கு மேல் இருந்த நகரத்தோடு, பக்கத்து மாவட்டத்தின் 23 சதுர மைல் நிலத்தைச் சேர்த்தார்கள். அங்கே இருந்த 47,000 பேரில் ஏறத்தாழ எல்லாரும் வெள்ளையர். நகரத்தில் கறுப்பினத்தவர் பங்கு 52 சதவீதத்திலிருந்து 42ஆகக் குறைந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏழாண்டுகள் நகரமன்றத் தேர்தலே நடக்கவில்லை. கடைசியில் வார்டுவாரியாக 1977இல் தேர்தல் நடந்தபோது, ஒன்பது இடங்களில் ஐந்தில் கறுப்பினத்தவர் வென்றார்கள். ஹென்றி மார்ஷ் முதல் கறுப்பின மேயர் ஆனார்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு 1983க்கு வாருங்கள். நகரத்தில் பாதிப் பேர் கறுப்பினத்தவர். ஆனால் அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் நகராட்சி கொடுத்த கட்டுமான முதன்மை ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது 0.67 சதவீதம். ஒரு சதவீதம்கூட இல்லை. ஒப்பந்ததாரர் சங்கங்கள் சிலவற்றில் கறுப்பின உறுப்பினர் ஒன்றிரண்டு பேர், சிலவற்றில் யாருமே இல்லை. எனவே நகரமன்றம் ஒரு விதி கொண்டுவந்தது: முதன்மை ஒப்பந்தம் எடுப்பவர் அதன் மதிப்பில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தர வேண்டும். ஐந்தாண்டுக்கு மட்டும்.

அதே ஆண்டு நகரச் சிறைச்சாலைக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கழிவறைச் சாதனங்கள் பொருத்தும் டெண்டர் வந்தது. ஓஹையோவைச் சேர்ந்த குரோசன் நிறுவனம் மட்டும்தான் விலை கொடுத்தது: 1,26,530 டாலர். சாதனங்களின் விலையே மொத்தத்தில் முக்கால் பங்கு. அதனால் 30 சதவீதத்தை எட்ட வேண்டுமானால் சாதனங்களைச் சிறுபான்மையினர் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். அப்படி ஓர் உள்ளூர் நிறுவனம் இருந்தது, ஆனால் அதன் விலை கூடுதல். குரோசன் விதிவிலக்குக் கேட்டது, நகராட்சி மறுத்தது. விலையை உயர்த்தக் கேட்டது, அதுவும் இல்லை. மறு டெண்டர் விடுவதாகச் சொன்னதும் குரோசன் நீதிமன்றம் போனது. சில ஆயிரம் டாலர் வித்தியாசத்தில் தொடங்கிய வழக்கு இது.

1989 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ரிச்மண்டின் விதியை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர். மாநிலமோ நகரமோ இனத்தை வைத்து ஒதுக்கீடு செய்தால் அதை மிகக் கடுமையான அளவுகோலால்தான் சோதிப்போம், சமூகத்தில் பாகுபாடு இருந்தது என்று பொதுவாகச் சொன்னால் போதாது, இந்தத் தொழிலில் இந்த ஊரில் நடந்ததற்குச் சான்று வேண்டும் என்றது நீதிமன்றம். மக்கள்தொகையில் பாதி என்பதைக் காட்டாதே, அந்த வேலையைச் செய்யத் தகுதியுள்ள சிறுபான்மை நிறுவனங்கள் எத்தனை என்று காட்டு என்றும் சொன்னது. இந்த வாதத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. தொழிலுக்குள் நுழையவிடாமல் வைத்துவிட்டு, தொழிலில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எண்ணச் சொன்னால் கணக்கு எப்படித் தேறும்?

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ரிச்மண்டின் விதியில் சிறுபான்மையினர் என்ற பட்டியல் நீளமாக இருந்தது. கறுப்பினத்தவர், ஸ்பானிய மொழி பேசுவோர், கீழைநாட்டவர், பூர்வகுடியினர், அலாஸ்காவைச் சேர்ந்த எஸ்கிமோக்கள், அலூட் மக்கள். இதேபோன்ற பட்டியலோடு 10 சதவீதம் ஒதுக்கிய 1977ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்தை 1980இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் நகரமும் எழுதியது. ஆனால் நீதிபதி ஓ’கானர் இந்தப் பட்டியலையே விதிக்கு எதிராகத் திருப்பினார். ரிச்மண்டில் ஓர் அலூட்டோ எஸ்கிமோவோ எப்போதாவது வாழ்ந்திருப்பாரா என்று கேட்டார். யார் யாரோ பட்டியலில் இருக்கும்போது, கடந்த காலப் பாகுபாட்டைச் சரிசெய்யத்தான் இந்த விதி என்று எப்படி நம்புவது என்பது அவர் வாதம்.

பட்டியல் விரிந்ததால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு இடம் கிடைத்தது. அந்த விரிவையே ஒரு காரணமாகக் காட்டித்தான் ரிச்மண்டின் கறுப்பினக் கட்டுமானக்காரர்களின் விதியை உடைத்தார்கள். சான்றிதழ் கேட்டு வருகிற நம்மவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். உங்களுக்கு உறுத்தியது காரணமில்லாமல் இல்லை.

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல். பழைய அடிமைமுறை அணியின் தலைநகரமே தன்னிடம் நடந்த பாகுபாட்டை எதிர்கொள்ள முன்வந்திருக்கிறது, அதை வரவேற்க வேண்டிய இடத்தில் தடுக்கிறோம் என்று அவர் வருந்தினார். வேண்டுமென்றே பின்னோக்கி வைத்த பெரிய அடி என்று அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டார்.

தீர்ப்பு வந்த அதே 1989இல், நவம்பர் மாதம், அடிமைகளின் பேரனான டக்ளஸ் வைல்டரை வர்ஜீனியா ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. ஏழாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசம். அமெரிக்காவில் தேர்தலில் வென்று ஆளுநரான முதல் கறுப்பினத்தவர் அவர். ஒரே ஊரில் ஒரே ஆண்டில் ஆளுநர் நாற்காலிக்கு வழி திறந்தது, சிறைச்சாலைக்குக் குழாய் பொருத்தும் வேலைக்கு வழி அடைந்தது.

தீர்ப்புக்குப் பிறகு நாடு முழுவதும் நகரங்களும் மாநிலங்களும் இப்படிப்பட்ட விதிகளைக் கைவிட்டன, அல்லது மாற்றி எழுதின. ‘ஏற்றத்தாழ்வு ஆய்வு’ என்று ஒன்று பிறந்தது. எத்தனை சிறுபான்மை நிறுவனங்கள் வேலைக்குத் தயாராக இருக்கின்றன, அவற்றுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று எண்ணிக் காட்டும் ஆய்வு. வர்ஜீனியாவும் அதைச் செய்தது. அளவைப் பார்த்து ஒதுக்குவது, இனத்தையும் பாலினத்தையும் பதிவு செய்து கணக்கு வைப்பது என்ற ஸ்வாமின் வடிவம் இந்தத் தீர்ப்புக்குள் நிற்கும்படி அமைந்தது. சிறுபான்மையினர் என்ற முத்திரையால் உங்களுக்குத் தனி ஒதுக்கீடு வராது. பெரிய ஒப்பந்தங்களில் துணை ஒப்பந்ததாரர் தேடுகிறவர்கள் உங்களைக் கண்டுபிடிப்பார்கள், அரசின் கணக்கில் நீங்கள் எண்ணப்படுவீர்கள். அந்தக் கணக்கு முக்கியம். 0.67 என்ற எண் யாரோ எண்ணியதால்தான் வெளியே தெரிந்தது.

பேரவையிலும் காற்று மாறியிருக்கிறது. 2020இல் மட்டும், கறுப்பினத்தவரின் இயல்பான முடியலங்காரத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்ற சட்டத்தை வர்ஜீனியா கொண்டுவந்தது. உள்நாட்டுப் போரில் அடிமைமுறை அணிக்காகப் போரிட்ட தளபதிகளின் சிலைகளை அகற்ற நகரங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. லீ, ஜாக்சன் என்ற அத்தளபதிகள் பெயரிலிருந்த அரசு விடுமுறையை நீக்கி, தேர்தல் நாளை விடுமுறை ஆக்கியது. 1890இல் நட்ட லீ சிலை 2021 செப்டம்பர் 8 அன்று இறங்கியது. அது எழும்போதே எதிர்த்தவர் நான் முன்பு சொன்ன ஜான் மிட்செல். இறக்கிய சிலை இப்போது ஜாக்சன் வார்டிலுள்ள கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2024 ஜனவரியில் டான் ஸ்காட் கீழவையின் முதல் கறுப்பினத் தலைவர் ஆனார். நெடுஞ்சாலையின் மேலே மூடி போட்டு ஜாக்சன் வார்டை மறுபடி இணைக்கும் திட்டமும் பேச்சில் இருக்கிறது.

எனவே என் பதில்: விண்ணப்பியுங்கள். நீங்கள் யாருடைய பங்கையும் பறிக்கவில்லை. அளவு அடிப்படையிலான ஒதுக்கீட்டில் நீங்கள் சிறு நிறுவனமாகத்தான் போட்டி போடுகிறீர்கள். ஆனால் இந்தத் திட்டங்களைப் பற்றி வாக்கெடுப்போ வழக்கோ வரும்போது, நமக்கென்ன என்று ஒதுங்கி நிற்காதீர்கள். “திறமை இருந்தால் போதும், சலுகை எதற்கு” என்று நம் வீட்டு விருந்துகளில் பேச்சு எழும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1965க்குப் பிறகு குடியேற்றச் சட்டம் திறந்ததால் வந்தவர்கள் நாம், அந்தச் சட்டமும் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டக் காலத்தின் விளைச்சல்தான்.

நடைமுறையில் இன்னொன்றும் செய்யலாம். டெண்டரில் துணை ஒப்பந்தத் திட்டம் கேட்பார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் தெரிந்த நண்பர்களின் நிறுவனங்களையே எழுதிவிடுகிறார்கள். சான்றிதழ் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் துறையின் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் தேடினால் உங்கள் துறையிலேயே கறுப்பினத்தவர் நடத்தும் நிறுவனங்கள் கிடைக்கும். ரிச்மண்டில் 1968 முதல் இயங்கும் மெட்ரோபாலிட்டன் பிசினஸ் லீக் போன்ற அமைப்புகளின் கூட்டங்களுக்கும் போய் வாருங்கள். வங்கிக் கடன், காப்பீடு, வேலையை முடித்துத் தருவதற்கான பிணைப் பத்திரம் என்று நாம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்வதை அங்கே இருப்பவர்கள் பல ஆண்டு அனுபவத்தோடு சொல்லித் தருவார்கள்.

விண்ணப்பத்துக்கு உட்காரும் முன் வரிக்கணக்குப் படிவங்கள், நிறுவனப் பதிவுச் சான்று, பங்குரிமை யாருக்கு எவ்வளவு என்பதைக் காட்டும் ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதற்கான கடிதம் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் பெயர்களும் சதவீதங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால்தான் எனக்குத் தெரிந்த பல விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. மாநிலத்தின் மின்கொள்முதல் தளமான ஈவிஏ-விலும் தனியாகப் பதிவு செய்ய மறக்காதீர்கள், டெண்டர் அறிவிப்புகள் அங்கேதான் வரும்.